கொங்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்கிறதா? குளோரைட்டுப் பரிசோதனைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் கொள்ளுப்பிட்டியிலிருந்து கல்கிசை வரை கடலைப் பார்த்த தொடர்மாடிகளில் குடியிருப்போர், அவற்றின் நிர்வாகக் குழுவினர், ஒப்பந்தக்காரர்கள், பொறியியல் மாணவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. அறிக்கையில் உள்ள ஓர் எண்ணை மட்டும் பார்த்துப் பதறிப் பெரும் பணத்தைச் செலவழிப்பவர்கள் இருக்கிறார்கள். அதே ஓர் எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியாக இருந்துவிடுபவர்கள் அதைவிட அதிகம். ஒவ்வொரு பரிசோதனையும் ஒரேயொரு கேள்விக்குத்தான் விடை சொல்லும். எந்தக் கேள்விக்கு எந்தப் பரிசோதனை என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

கொங்கிரீட்டுக்குள் முழுதாக மூடப்பட்ட கம்பி எப்படித் துருப்பிடிக்கிறது?

நல்ல கொங்கிரீட்டின் நுண்துளைகளில் தங்கியிருக்கும் நீர் கடும் காரத்தன்மை கொண்டது. அதன் பிஎச் பெறுமானம் 12.5 முதல் 13.5 வரை இருக்கும். அந்தக் காரத்தில் உருக்கின் மேற்பரப்பில் சில நனோமீற்றர் தடிப்பான ஒட்சைட்டுப் படலம் ஒன்று உருவாகிக் கம்பியைக் காக்கிறது. உப்பின் ஒரு கூறான குளோரைட்டு அயன்கள் கம்பியருகே போதிய அளவு சேர்ந்ததும் அந்தப் படலத்தை ஆங்காங்கே உடைக்கின்றன. உடைந்த புள்ளி அனோட்டாகிறது, அதாவது இரும்பு கரையும் முனையாகிறது. சுற்றியுள்ள பெரிய பரப்பு கதோட்டாகிறது, அதாவது கரையாத எதிர்முனையாகிறது. அனோட்டு சிறியது, கதோட்டு பெரியது என்பதால் கம்பி சீராகத் தேயாமல் ஒரே இடத்தில் ஆழமாகக் குழி விழுகிறது. இந்த வேலையில் குளோரைட்டு செலவாகித் தீர்ந்துபோவதில்லை. இரும்பைக் கரைத்துவிட்டு மீண்டும் விடுபட்டு அதே வேலையைத் தொடர்கிறது.

துரு, தான் உருவான இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் பிடிக்கும். அந்த அழுத்தத்தில்தான் கொங்கிரீட் வெடித்துப் பாளமாகக் கழன்று விழுகிறது. ஆனால் எப்போதும் நனைந்திருந்து ஒட்சிசன் குறைந்த இடங்களில் கருமையான துரு உண்டாகி, வெளியே வெடிப்பே காட்டாமல் கம்பி மெலிந்துபோவதும் உண்டு. வெடிப்பு இல்லை என்பது சுகம் என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

எங்கள் கட்டடம் கடலோர வீதியான மரைன் டிரைவிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே இருக்கிறது. எங்களுக்கும் ஆபத்து உண்டா?

உண்டு, ஆனால் குறைவு. அலை உடையும்போது எழும் உப்புத் துளிகளைக் காற்று உள்ளே கொண்டுவருகிறது; கரையிலிருந்து விலக விலக அதன் அளவு வேகமாகக் குறையும். வெள்ளவத்தையில் கடலோர இரயில் பாதையை ஒட்டிய முதல் வரிசைக் கட்டடங்களையும் காலி வீதிக்கு அப்பால் உள்ளவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் கடல் பார்த்த முகப்புக்கு உப்பு அதிகம் வந்து சேர்கிறது.

பலரும் கவனிக்காத ஒன்று: மழை நேரடியாக விழும் சுவரில் உப்பு கழுவப்பட்டுவிடும். மழை படாத பல்கணியின் அடிப்பக்கம், சன்சேட்டின் கீழ்ப்பக்கம், வாகனத் தரிப்பிடத்தின் திறந்த ஓரத்தூண்கள் ஆகியவற்றில் படிந்த உப்பு படிந்தபடியே இருக்கும். பரிசோதனைக்கு இடம் தெரிவுசெய்யும்போது இவற்றை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

கடல் மணலில் கட்டியிருக்கிறார்கள் என்கிறார்கள். அதுதான் காரணமா?

மணலைக் குறை சொல்வதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஆற்று மணல் அகழ்வுக்குக் கட்டுப்பாடுகள் வந்த பிறகு கடலடியிலிருந்து எடுத்த மணல் இலங்கையில் கட்டட வேலைக்குப் பயன்படுகிறது. மழையில் கிடந்து வடிந்த, அல்லது நன்னீரால் கழுவப்பட்ட கடல் மணல் நல்ல மணல். சிப்பித்துண்டு இருப்பதனால் மட்டும் கம்பி துருப்பிடித்துவிடாது. ஆபத்து மணலோடு ஒட்டி வரும் கடல்நீரில் இருக்கிறது.

ஒரு கன மீற்றர் கொங்கிரீட்டில் 700 கிலோ மணலும் 350 கிலோ சீமெந்தும் இருப்பதாகக் கொள்வோம். மணல் கழுவப்படாமல் 8 சதவீதம் கடல்நீரோடு வந்தால் உள்ளே போகும் கடல்நீர் 56 கிலோ. ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 19 கிராம் குளோரைட்டு உண்டு. ஆக, குளோரைட்டு ஒரு கிலோவுக்குச் சற்று மேல்; சீமெந்தின் நிறையில் 0.3 சதவீதம். கம்பியிட்ட கொங்கிரீட்டுக்கு ஐரோப்பிய நியமம் ஈஎன் 206 வழக்கமாக அனுமதிக்கும் உச்சம் 0.4 சதவீதம், முன்தகைப்புக் கொங்கிரீட்டுக்கு (உள்ளே உருக்கை இழுத்து இறுக்கி வைத்தது) 0.2 சதவீதம். கட்டடம் கடற்காற்றைச் சுவாசிக்கத் தொடங்கும் முன்பே முக்கால் பங்கு ஒதுக்கீடு தீர்ந்துவிடுகிறது. எனவே மணல் வரும் ஒவ்வொரு தொகுதியிலும் குளோரைட்டு பார்க்கப்பட வேண்டும். வேலைத்தளத்தில் மணலைத் தண்ணீரில் கலக்கி, தெளிந்த நீரில் வெள்ளி நைத்திரேற்றுத் துளி விட்டால் பால்போல் வெண்மை படரும். அது உப்பு உண்டு என்பதை மட்டும் சொல்லும். எவ்வளவு என்பதை ஆய்வுகூடம்தான் சொல்ல வேண்டும்.

கலக்கும் தண்ணீரையும் மறக்காதீர்கள். கடலோரக் கிணற்று நீர் உவர்ந்திருக்கலாம். கம்பியிட்ட கொங்கிரீட்டுக்கான கலவை நீரில் குளோரைட்டு லீற்றருக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது ஈஎன் 1008 நியமத்தின் வரம்பு.

வெடிப்புக்குக் காரணம் உப்பா, காபனேற்றமா? எப்படிப் பிரித்தறிவது?

புதிதாக உடைத்த முகத்தில் பினோத்தலின் தெளித்தால் காரம் உள்ள பகுதி ஊதாச் சிவப்பாகும். காபனீரொட்சைட்டு புகுந்து காரம் இழந்த பகுதி நிறம் மாறாது. நிறமற்ற ஆழம் கம்பியை எட்டவில்லை, ஆனாலும் கம்பி குழி விழுந்திருக்கிறது என்றால் சந்தேகம் குளோரைட்டின் மேல்தான். இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு: சீமெந்து தன்னோடு பிணைத்து வைத்திருக்கும் குளோரைட்டில் ஒரு பங்கைக் காபனேற்றம் மீண்டும் விடுவிக்கிறது. ஐந்து நிமிடத்தில் முடியும் இந்தப் பரிசோதனையை விட்டுவிட்டு எழுதப்படும் அறிக்கையை நான் முழுமையானதாகக் கொள்வதில்லை.

அரைக்கல அழுத்த அளவீடு என்றால் என்ன? அதை எப்படிச் செய்வார்கள்?

கம்பி இப்போது துருப்பிடித்துக்கொண்டிருக்கும் வாய்ப்பு எந்த இடத்தில் அதிகம் என்பதை, கொங்கிரீட்டைப் பெரிதாக உடைக்காமல் காட்டும் அளவீடு இது. இங்கே அழுத்தம் என்பது மின்னழுத்தம். அமெரிக்க நியமம் ஏஎஸ்டிஎம் சி 876 இதற்குரியது.

முதலில் கவர் மீற்றரால் கம்பி இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கவர் என்பது கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையிலுள்ள கொங்கிரீட்டின் தடிப்பு; அதையும் இந்தக் கருவி காட்டும். ஓரிடத்தில் கொங்கிரீட்டைச் சிறிதாகக் கொத்திக் கம்பியை வெளிப்படுத்தி, பளபளக்கும்வரை தேய்த்து, வயரை இறுகப் பூட்ட வேண்டும். தூரத்தில் இன்னொரு கம்பியையும் வெளிப்படுத்தி, இரண்டுக்கும் இடையே மின்தொடர்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைத் தவிர்த்தால் பிறகு வரும் எண்கள் எதற்கும் பொருளில்லை. அதன் பின் செப்பு சல்பேற்று நிரம்பிய மேற்கோள் மின்வாயை (ஒப்பிடுவதற்கான, மாறாத அழுத்தமுள்ள மின்வாய்), நனைந்த ஸ்பொஞ்சு ஊடாகக் கொங்கிரீட்டில் வைத்து மில்லிவோல்ட் வாசிக்கிறார்கள். ஸ்பொஞ்சு நனைக்கும் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சிறிது சேர்த்தால் தொடர்பு நன்றாகக் கிடைக்கும். வாசிப்பு ஐந்து நிமிடத்துக்குள் 20 மில்லிவோல்ட்டுக்கு மேல் நகர்ந்தால் கொங்கிரீட் இன்னும் போதிய அளவு நனையவில்லை என்று பொருள், பொறுத்திருக்க வேண்டும். பிறகு அரை மீற்றர் கட்டங்களாகப் பிரித்துப் பரப்பு முழுவதும் வாசித்து, சம அழுத்தக் கோடுகளாக வரைய வேண்டும். சுவரில் பூச்சோ பெயின்றோ இருந்தால் முதலில் அதை நீக்க வேண்டும்.

பொதுவான விளக்கம் இது: −200 மில்லிவோல்ட்டைவிட மறைக் குறைவாக (பூச்சியத்துக்கு அருகே) இருந்தால் துருப்பிடிக்கவில்லை என்பதற்கு 90 சதவீதத்துக்கு மேற்பட்ட நிகழ்தகவு, −350ஐவிட மறைக் கூடுதலாக இருந்தால் துருப்பிடிக்கிறது என்பதற்கு 90 சதவீதத்துக்கு மேற்பட்ட நிகழ்தகவு, இடைப்பட்டது நிச்சயமற்றது. இவை செப்பு சல்பேற்று மின்வாய்க்கு உரிய எண்கள். வெள்ளி–வெள்ளி குளோரைட்டு மின்வாயைப் பயன்படுத்தினால் ஏறத்தாழ 120 மில்லிவோல்ட் வேறுபடும். எந்த மின்வாய் என்று எழுதாத அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள்.

எங்கள் அறிக்கையில் −420 என்று இருக்கிறது. கட்டடம் விழுந்துவிடுமா?

அந்த எண் வலிமையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. துருப்பிடிக்கும் வேகத்தைக்கூடச் சொல்லவில்லை. நீரில் மூழ்கிய அத்திவாரத் தூண் ஒட்சிசன் கிடைக்காததால் மிகவும் மறையான அழுத்தத்தைக் காட்டும். துருவோ மிக மெதுவாக நடக்கும். நான் தனி எண்ணைவிட எண்கள் மாறும் வேகத்தையே நம்புகிறேன். ஒரு மீற்றர் தூரத்துக்குள் −150இலிருந்து −420க்கு இறங்கினால் அங்கே ஒரு துரு மையம் இருக்க வாய்ப்பு அதிகம். உடைத்துப் பார்க்க வேண்டிய இடம் அதுதான். சிலாப் முழுவதும் −300ஐ ஒட்டிச் சமமாக இருந்தால் ஈரம்தான் காரணமா என்று முதலில் கேளுங்கள்.

காலநிலையும் இங்கே குறுக்கிடும். ஜனவரி, பெப்ரவரியில் காய்ந்து கிடக்கும் பல்கணியும் ஜூன் மழையில் ஊறிய அதே பல்கணியும் ஒரே வாசிப்பைத் தரா. இரண்டு ஆண்டு அறிக்கைகளை ஒப்பிடுவதானால் ஒரே பருவத்தில் எடுக்கச் சொல்லுங்கள். வெப்பநிலைக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. கொழும்பில் அதற்கான திருத்தம் ஒரு பாகைக்கு ஒரு மில்லிவோல்ட்டைக்கூட எட்டாது.

ஒரேயொரு பரிசோதனைக்குத்தான் பணம் இருக்கிறது. எதைச் செய்வது?

ஆழவாரியான குளோரைட்டு அளவீடு. தயங்காமல் இதையே சொல்வேன். அத்துடன் கவர் மீற்றர் வாசிப்பும் வேண்டும். இரண்டும் சேர்ந்துதான் ஒரு பரிசோதனை.

டிரில்லால் துளையிட்டு 5 மில்லிமீற்றரிலிருந்து 15 வரை, 15இலிருந்து 25 வரை, 25இலிருந்து 35 வரை என அடுக்கடுக்காகத் தூளைச் சேகரிப்பார்கள். மேற்பரப்பின் முதல் 5 மில்லிமீற்றர் தூளைத் தள்ளிவிடுவது வழக்கம். மழை கழுவியதும் காபனேற்றமும் அந்த அடுக்கை நம்பமுடியாததாக்கிவிடும். ஒவ்வோர் அடுக்குக்கும் இடையில் துளையை ஊதித் துப்புரவாக்கி, கிண்ணத்தையும் தூரிகையையும் துடைக்க வேண்டும். மேலடுக்கின் ஒரு சிட்டிகைத் தூள் கீழடுக்கோடு கலந்தாலே விடை மாறிவிடும். சல்லிக் கல்லில் டிரில் பட்டுத் தூள் கல்தூளாகிவிடாதிருக்க அருகருகே சில துளைகள் போட்டு ஒரே ஆழத்துத் தூள்களை ஒன்றுசேர்க்க வேண்டும். ஆய்வுகூடத்தில் நைத்திரிக் அமிலத்தில் கரைத்து வெள்ளி நைத்திரேற்றைத் துளித்துளியாகச் சேர்த்து நியமித்து அளவைக் கணிப்பார்கள். அமிலத்தில் கரையும் மொத்தக் குளோரைட்டுக்கு ஏஎஸ்டிஎம் சி 1152, நீரில் கரைவதற்கு சி 1218. இரண்டு முறைகளின் எண்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடக்கூடாது.

கிடைத்த எண்களை ஆழத்துக்கு எதிராக வரைந்து பாருங்கள். வெளியே உயர்ந்து உள்ளே போகப்போகக் குறைந்தால் உப்பு கடற்காற்றிலிருந்து வந்தது. எல்லா ஆழத்திலும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் கொங்கிரீட் போட்ட அன்றே மணலோடோ தண்ணீரோடோ கலந்து வந்தது. 1970களின் பிற்பகுதியில் பிரித்தானிய விதிகள் தடுக்கும்வரை இறுகலை விரைவுபடுத்தக் கல்சியம் குளோரைட்டு சேர்க்கும் வழக்கமும் இருந்தது. பழைய கட்டடங்களில் அதையும் நினைவில் கொள்ள வேண்டும். முதல் வகைக்கு வெளிப்பரப்பைக் காக்கும் வழிகள் ஓரளவு பயன் தரும். இரண்டாம் வகைக்கு வெளியே என்ன பூசினாலும் பயன் சொற்பம். பழுதுபார்ப்புச் செலவு முழுவதும் இந்த ஒரு வரைபின் வடிவத்தில் தங்கியிருக்கிறது.

ஆய்வுகூடம் 0.06 சதவீதம் என்கிறது. அது 0.4க்குக் கீழேதானே?

எதன் சதவீதம் என்று பாருங்கள். பெரும்பாலும் ஆய்வுகூடம் கொடுப்பது கொங்கிரீட்டின் நிறையில். வரம்பு சொல்லப்படுவது சீமெந்தின் நிறையில். 2400 கிலோ கொங்கிரீட்டில் 350 கிலோ சீமெந்து என்றால் சீமெந்து 14.6 சதவீதம். 0.06ஐ 0.146ஆல் வகுத்தால் 0.41. வரம்பை எட்டிவிட்டது. பலர் வழுக்கி விழும் இடம் இது.

0.4 என்பதும் இயற்கை விதி அல்ல. கள அனுபவத்தில் துரு தொடங்கும் அளவு 0.2க்கும் 0.4க்கும் இடையில் பரவலாகக் காணப்படுகிறது; அதைவிட உயர்ந்த அளவிலும் கம்பி பளபளப்பாக இருந்த சந்தர்ப்பங்கள் உண்டு. கம்பியைச் சுற்றிய வெற்றிடங்கள், ஈரம், சீமெந்தின் வகை எல்லாம் அதை மாற்றும்.

கவர் 20 மில்லிமீற்றரா 40 மில்லிமீற்றரா என்பது அவ்வளவு முக்கியமா?

மிக முக்கியம். குளோரைட்டு பரவி ஊடுருவும் ஆழம் ஏறத்தாழக் காலத்தின் வர்க்கமூலத்துக்கு விகிதசமன். அதாவது கவர் இரட்டித்தால் உப்பு கம்பியை எட்டும் காலம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். கொங்கிரீட் ஊற்றும் நாளில் கவர் புளொக் நழுவி, மேசன்மார் மிதித்துக் கம்பி பலகையில் படிந்தால், அந்தச் சில நிமிடக் கவனக்குறைவு கட்டடத்தின் ஆயுளில் பல ஆண்டுகளைத் தின்றுவிடும்.

கொங்கிரீட்டின் மின்தடைத்திறனை அளப்பது எதற்கு?

துரு தொடங்கியிருந்தால் எவ்வளவு வேகமாக ஓடும் என்று ஊகிக்க. நான்கு முனைக் கருவியை நனைந்த பரப்பில் அழுத்தினால் போதும். 20 கிலோ ஓம் சென்றிமீற்றருக்கு மேல் என்றால் வேகம் குறைவு; 10க்குக் கீழ் என்றால் கவலைப்பட வேண்டும். கம்பிக்கு நேர் மேலே வைத்து வாசித்தால் எண் பிழைக்கும்.

துருவின் வேகத்தை நேரடியாக அளக்க முடியாதா?

நேர்கோட்டு முனைவாக்கத் தடை என்ற முறை உண்டு. கம்பியின் அழுத்தத்தை 10 முதல் 20 மில்லிவோல்ட் மட்டும் அசைத்து, அதற்கு எவ்வளவு மின்னோட்டம் தேவைப்படுகிறது என்று பார்த்து வேகத்தைக் கணிக்கிறார்கள். சதுர சென்றிமீற்றருக்கு 0.1 மைக்ரோ அம்பியருக்குக் கீழே என்றால் கம்பி அமைதியாக இருக்கிறது. 1க்கு மேலே என்றால் வேகம் அதிகம். 1 மைக்ரோ அம்பியர் என்பது ஆண்டுக்கு 11.6 மைக்ரோமீற்றர் இரும்பு இழப்பு. சிறியதாகத் தோன்றும், ஆனால் அது சராசரி. குளோரைட்டுக் குழிகள் சராசரியைவிட 4 முதல் 8 மடங்கு ஆழமாகப் போகக்கூடியவை. வேகம் மழைக்கும் வெயிலுக்கும் ஏறி இறங்குவதால் ஒரு நாள் வாசிப்பைக் கொண்டு பத்தாண்டுக் கணக்குப் போடாதீர்கள்.

ஒப்பந்தக்காரர் "1500 கூலோம்" என்ற அறிக்கையைக் காட்டுகிறார். எங்கள் கம்பி பாதுகாப்பாக இருக்கிறதா?

அந்த அறிக்கை கம்பியைப் பற்றியதே அல்ல. ஏஎஸ்டிஎம் சி 1202 முறையில் 50 மில்லிமீற்றர் தடிப்பான கொங்கிரீட் வில்லையின் ஒரு பக்கம் உப்புக் கரைசலும் மறுபக்கம் சோடியம் ஐதரொட்சைட்டும் வைத்து 60 வோல்ட்டை 6 மணி நேரம் கொடுத்து, ஊடே போன மொத்த மின்னேற்றத்தைக் கூலோம் அலகில் அளக்கிறார்கள். 4000க்கு மேல் ஊடுருவல் அதிகம், 1000 முதல் 2000 வரை குறைவு. 1500 என்பது அந்தக் கலவைக்கு நல்ல சான்றிதழ்.

ஆனால் ஓடும் ஏற்றம் குளோரைட்டுடையது மட்டுமல்ல, எல்லா அயன்களுடையதும்தான். கல்சியம் நைத்திரைற்று போன்ற துருத்தடுப்புச் சேர்க்கை இருந்தால் எண் பொய்யாக உயரும். நுரைச்சோலை அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சீமெந்து 28 நாளில் காட்டும் எண்ணைவிட 90 நாளில் வெகுவாகக் குறைந்த எண்ணைக் காட்டும். 28 நாளில் தோற்றுப்போனதாக அறிவிப்பது அநியாயம். குளோரைட்டு உண்மையில் எவ்வளவு தூரம் போனது என்று அறிய என்டி பில்ட் 492 என்ற நோர்டிக் நாடுகளின் முறையை நான் விரும்புகிறேன். வில்லையைப் பிளந்து வெள்ளி நைத்திரேற்று தெளித்ததும் உப்பு எட்டிய எல்லைவரை வெள்ளையாகத் தெரியும். அதை அளவுகோலால் அளக்கலாம்.

இறுதியாண்டு ஆய்வுக்குக் கம்பியில் மின்னோட்டம் செலுத்தித் துருவை விரைவுபடுத்துகிறோம். சரியா?

எதை அறிய விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. துருப்பிடித்த பீம் எவ்வளவு சுமை தாங்கும், வெடிப்பு எப்படிப் பரவும் என்று பார்க்க அது பொருந்தும். பரடேயின் விதிப்படி, செலுத்திய மின்னோட்டத்திலிருந்து இரும்பு இழப்பைக் கணித்து, பிறகு கம்பியை எடுத்துச் சுத்தம் செய்து நிறுத்து உறுதிப்படுத்துங்கள். ஒரு கலவையோ பூச்சோ துருவை எவ்வளவு தாமதப்படுத்தும் என்று அறிய அது உதவாது. படலம் உடையும் கட்டத்தையே மின்னோட்டம் தாண்டிவிடுகிறது. அதற்கு ஏஎஸ்டிஎம் ஜி 109 போன்ற முறை வேண்டும்: மேலே ஒரு கம்பி, கீழே இரண்டு, இடையே 100 ஓம் தடை, 3 சதவீத உப்புக் கரைசலை இரண்டு வாரம் தேக்கி இரண்டு வாரம் உலரவிடுவது. இது மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் நீளும். எனவே விடுமுறைக்கு முன்பே வார்த்துவிடுங்கள்.

வெடித்த இடத்தை மட்டும் கொத்திப் பூசினால் போதுமா?

குளோரைட்டு உள்ள கட்டடத்தில் போதாது. பூசிய இடத்துக் கம்பி புதிய காரத்தில் கதோட்டாகிறது. ஒட்டியுள்ள பழைய கொங்கிரீட்டில், இதுவரை அமைதியாக இருந்த கம்பி அனோட்டாகிறது. சில ஆண்டுகளில் பூச்சின் விளிம்பைச் சுற்றி வளையமாக வெடிக்கும். கடலோரப் பல்கணிகளில் பூச்சுக்கு மேல் பூச்சாகப் போவதற்கு இதுவே பெருங்காரணம். அழுத்த வரைபடமும் குளோரைட்டு வரைபும் எதுவரை கொத்த வேண்டும் என்று காட்டும். கம்பிக்குப் பின்புறமும் கொங்கிரீட்டை அகற்ற வேண்டும். விளிம்பில் நாகத் தியாக அனோட்டுகள், அதாவது கம்பிக்குப் பதிலாகத் தாமே கரையும் நாகத் துண்டுகள், பூட்டலாம். பெரிய கட்டடங்களில், மின்னோட்டம் செலுத்திக் கம்பி முழுவதையும் கதோட்டாக வைத்திருக்கும் கதோட்டுப் பாதுகாப்பு முறையையும் விலை கேட்டுப் பாருங்கள். தொடக்கச் செலவு அதிகம் என்றாலும் உப்பேறிய கொங்கிரீட் முழுவதையும் இடிக்கும் தேவையைக் குறைக்கும்.

யாரிடம் போவது, என்ன கேட்பது?

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திலும் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் குடிசார் பொறியியல் துறையிலும் கட்டடப் பொருள் ஆய்வுகூடங்கள் உள்ளன. தனியார் ஆய்வுகூடங்களும் உண்டு. எங்கே போனாலும் வேலை தொடங்குமுன் எழுத்தில் கேளுங்கள்: எத்தனை இடங்கள், அவற்றை யார் தெரிவுசெய்வது, துளை எந்த ஆழம்வரை, குளோரைட்டு எதன் நிறையில் தரப்படும், மேற்கோள் மின்வாய் எது, அளந்த நாளின் ஈரநிலை பதியப்படுமா. கடல் பார்த்த பக்கத்தில் பார்க்கும் அதே அளவீடுகளை மறுபக்கத்தில் ஒரு தூணிலாவது எடுக்கச் சொல்லுங்கள். ஒப்பிட நல்ல இடம் ஒன்று இல்லாமல் கெட்ட இடத்தின் எண்ணை வாசிக்க முடியாது. துளைகளைச் சுருங்காத சாந்தால் அன்றே அடைத்துவிட்டுத்தான் அவர்கள் படியிறங்க வேண்டும்.